சாம்பிராணிப் புகையும் தங்கக் கம்பியும்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மிஸ்,

இன்று காலை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசியது. காற்று வாவிப் பக்கமிருந்து வந்ததால் நமது ஆலையின் ஆண்டுப் பூசையை வாவிக்கரையில் நடத்த இயலவில்லை. விதிப்படி கும்பம், வாழைக்குலை, மோதகச் சட்டி, சாம்பிராணித் தட்டு யாவும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வீதிப் பக்கத்து வேப்பமரத்தடிக்குச் சென்றன. மோதகச் சட்டியைச் சுமந்து நடந்த காவலாளி, "சேர், சாமி காத்துத் திசை கேக்கிறல்ல. நமக்குத்தான் இந்தச் சோலி" என்றார். நான் ஒரு துணிப்பட்டியை உயர்த்திப் பிடித்து, புகை கடற்பக்கந்தான் போகும் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே தூளை இட அனுமதித்தேன்.

சிரட்டைத் தணலில் தூள் விழுந்து மணம் எழுந்ததும் சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். ஆனால் கூப்பிய கைகளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அந்த மணம் கோயிலை நினைவூட்டும். எனக்கோ உங்களை நினைவூட்டுகிறது. அதுவும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மூக்கை விரித்துக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்த்து நின்ற உங்களை.

நான் உங்களிடம் வேலைக்கு வந்த நாளை நீங்கள் பலருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அப்போது நான் அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் உத்தியோகத்தன்; கம்பனிச் செயலாளருக்கான பரீட்சைகளையும் முடித்திருந்தேன். நீங்கள் நாற்பது ஆண்டுக்கால வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு, மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் தெருவில் உங்கள் தகப்பனாரின் பழைய வீட்டுக்குத் திரும்பியிருந்தீர்கள். அந்த வீட்டின் முன்னறையில், அவர் அரத்தால் இரும்பு ராவிய நீண்ட மேசைக்கு அப்பால் நீங்கள் அமர்ந்திருந்தீர்கள். எனக்கு முன்னால் முந்திரிக் கேக் ஒரு துண்டு. என் சான்றிதழ்களை நீங்கள் திறக்கவேயில்லை.

"ஒரு கம்பனிக்குப் பத்து விதி எழுதச் சொன்னா எழுதுவீங்கள். பதினோராவது என்னவா இரிக்கும்?"

"முதல் பத்தையும் எந்த முறைப்படி மாற்றலாம் என்பதாக இருக்கும், மிஸ்."

நீங்கள் மேசையில் தட்டிச் சிரித்தீர்கள். "கேக்கைச் சாப்பிடுங்கோ, செக்ரட்டரியார்." அன்று முதல் நான் உங்களுக்குச் செக்ரட்டரியார், பேர் சொல்லி நீங்கள் அழைத்ததாக நினைவில்லை.

உங்கள் உத்தியோக வரலாற்றை நிறுமப் பதிவுக்காக நான் ஒரு பக்கத்தில் எழுதி வந்தபோது, "இது என்ன, செத்தவீட்டு நோட்டீசா?" என்று கேட்டுப் பாதியை வெட்டினீர்கள். வெட்டியதை இங்கே திரும்பச் சேர்க்கிறேன். இனி நீங்கள் ஆட்சேபிக்க முடியாது. பௌதிகவியல் படித்த பெண்ணாகச் சிங்கப்பூருக்குப் போனீர்கள். அங்கே குறைகடத்தி ஆலையொன்றில் தங்கக் கம்பி கட்டும் பிரிவில் உங்களுக்கு வேலை கிடைத்தது. சிலிக்கன் தட்டை வெட்டி எடுக்கும் ஒவ்வொரு சிப்பையும், தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பிகளால் அதன் உலோகக் கால்களோடு பிணைப்பார்கள். அந்தப் பிணைப்பு எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டாமல் போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே உங்கள் பணி. அங்கிருந்து ஆலை முகாமையாளர், பின்னர் பெரிய கம்பனியொன்றில் உற்பத்தி முழுவதற்கும் பொறுப்பான அதிகாரி, அதன்பின் மூன்று நாடுகளில் பணிப்பாளர் சபை உறுப்பினர். இவ்வளவையும் நீங்கள் ஒரே வசனத்தில் முடித்துவிடுவீர்கள்: "கம்பி கட்டினன், மறுகா கம்பி கட்டுறவங்களைக் கட்டி மேய்ச்சன்."

குருக்கள்மடத்துக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த ஒடுங்கிய நிலத்தில் சிப் ஆலை ஒன்று வைக்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, வெளிநாட்டில் உங்களோடு சபைகளில் அமர்ந்தவர்கள் சிரித்தார்கள். உப்புக் காற்றில் சிப்பா என்று கேட்டார்கள். "கதவைப் பூட்டத் தெரிஞ்சவனுக்கு உப்பும் ஒண்டுதான், மணலும் ஒண்டுதான்" என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். நீங்கள் அமர்ந்த சபைகள் எல்லாவற்றிலுமிருந்தும் விலகினீர்கள். அந்தக் கம்பனிகளிடம் வேலை கேட்பதில்லை என்றும் முடிவு செய்தீர்கள். காரணம் கேட்டேன். "தெரிஞ்ச ஆள் எண்டு வேலை தருவாங்கள். தெரிஞ்ச ஆள் எண்டே பிழையையும் மூடுவாங்கள். ரெண்டும் வேணாம்."

ஆகவே நமக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர் உங்களை அறியாதவர். ஒளியை உணரும் சிறு சிப்புகளைக் கம்பி கட்டி உறையிட்டு அனுப்பவேண்டும். முதலில் ஒரு சோதனைத் தொகுதி. அது தேறினால் ஒப்பந்தம். தேறாவிட்டால் வேறு வேலை கையில் இல்லை. முப்பது பேரளவில் பிள்ளைகள் கொழும்பையும் வளைகுடாவையும் விட்டுவிட்டு உங்களை நம்பி ஊருக்கு வந்திருந்தார்கள். நானும் ஓய்வூதியமுள்ள உத்தியோகத்தை விட்டிருந்தேன். அதை நீங்கள் ஒருபோதும் மறக்கவில்லை. நான் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை.

ஆலை திறப்பதற்கு முன் என்னை நுணுக்குக்காட்டியின் முன் இருத்தினீர்கள். நான் பொறியியலாளன் அல்லன் என்று மறுத்தேன். "குறிப்பு எழுதுறவருக்கு என்னத்தை எழுதுறன் எண்டு தெரியோணும்" என்றீர்கள். கம்பி கட்டிய சிப் ஒன்றை வைத்து, ஒரு மெல்லிய கொழுக்கியைக் கம்பியின் வளைவுக்குள் நுழைத்து மேலே இழுத்தீர்கள். கம்பி நடுவில் அறுந்தது. நான் வருந்தினேன். நீங்கள் மகிழ்ந்தீர்கள்.

"அறுந்துவிட்டதே, மிஸ்?"

"நல்லா அறுந்திட்டு. அடியைப் பாருங்கோ. ஒட்டு அசையல்ல. கம்பி அறாமல் அடியோட கழண்டு வந்தாத்தான் நாம தோத்தது."

எனக்கு அது முறையாகப் படவில்லை. அறுபடுவது எவ்வாறு தேர்ச்சியாகும் என்று விடாமல் கேட்டேன். நீங்கள் கொழுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இழுத்தா ஏதோ ஒண்டு போகத்தான் போகும், செக்ரட்டரியார். எது போகக் கூடாது எண்டதுதான் கேள்வி."

திறப்பு நாள் வந்தது. கம்பி கட்டும் பகுதியைத் தூய அறை என்று அழைத்தோம். அதற்குள் போவோர் தலை முதல் கால் வரை மூடிய உடை அணியவேண்டும். பவுடர், பூ, திருநீறு, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. இவை யாவும் விதி ஏழு. பூசைக்குரிய இடம் வாசல் என்று நானே குறித்திருந்தேன். களுதாவளையிலிருந்து தர்ஷினியின் தாயார் வந்திருந்தார். தர்ஷினி, நமது முதல் கம்பி கட்டும் தொழில்நுட்பவியலாளர். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் வேலையை விட்டு வந்தவர். தாயார் பிள்ளையார் கோயிலில் பூசை வைத்துவிட்டு நேரே வந்து, வாசலில் நிற்கவேயில்லை. புகையும் தட்டோடு நடந்து தூய அறையின் கதவடிக்கு வந்துவிட்டார்.

"மூலை முடுக்கெல்லாம் காட்டோணும் மிஸ். வாசலோட நிண்டா உள்ளுக்கு ஆரு பாக்கிற?"

நான் இடையில் நின்றேன். "மிஸ், விதி ஏழு."

நீங்கள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தீர்கள். மகள் ஊரில் உழைக்கப்போகிறாள் என்ற மகிழ்ச்சி அந்த முகத்தில் அப்படியே இருந்தது. "மெசின் எல்லாம் உறைக்குள்ள கிடக்கு. இன்னும் ஓடத் தொடங்கல்ல. விதி நாளைக்கு வெள்ளண தொடங்கட்டும், செக்ரட்டரியார்" என்று கதவை நீங்களே திறந்துவிட்டீர்கள். அம்மா நான்கு மூலைக்கும் காட்டினார். இயந்திரங்களுக்குக் காட்டினார். மேலே காற்றுத் துவாரங்களுக்கும் எட்டிக் காட்டினார். அறை முழுவதும் வெண்புகை நின்றது. பறங்கிக் கிறிஸ்தவப் பெண்ணாகிய நீங்கள் இரண்டு கைகளாலும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் அறையைக் கழுவித் துடைத்தோம். தூசி எண்ணும் கருவி ஒரு குறையும் சொல்லவில்லை. வேலை தொடங்கியது. கம்பி ஒட்டவில்லை.

ஒட்டியது போலிருக்கும், கொழுக்கியால் இழுத்தால் அடியோடு கழன்று வரும். தர்ஷினி அழுத்தத்தை மாற்றினார், சூட்டை மாற்றினார், தங்கச் சுருளையே மாற்றினார். மீண்டும் கழன்றது. வாரங்கள் போயின. வாடிக்கையாளர் மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டார். பிறகு பணிவு சற்றுக் குறைந்தது. நீங்கள் தினமும் அறைக்குள் போய் வந்தீர்கள். வீட்டிலிருந்து கேக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டீர்கள். நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு விளங்கியது அதனால்தான்.

அன்று நானும் உங்களோடு அறைக்குள் இருந்தேன். காற்றைத் தள்ளும் விசிறி ஏதோ பழுதுக்காக நின்று, மறுபடி ஓடத் தொடங்கிய கணம். நீங்கள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினீர்கள். பின்னர் கையை உயர்த்தி முகக்கவசத்தைக் கழற்றினீர்கள்.

"மிஸ்! அறைக்குள் முகக்கவசம் கழற்றக் கூடாது. விதி மூன்று."

"விதியை எழுதச் சொன்னது நான்தான். நீங்களும் கழட்டுங்கோ. கழட்டி மோந்து பாருங்கோ."

நான் கழற்றவில்லை. நீங்கள் அண்ணாந்து, துவாரத்துக்கு நேர் கீழே நின்று, ஒரு முறை நீளமாக மூச்சை இழுத்தீர்கள். அதன்பின் சிரிக்கத் தொடங்கினீர்கள். கண்ணீர் வழியும் வரை, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சிரித்தீர்கள். தர்ஷினி பயந்து என்னைப் பார்த்தார்.

"சாம்பிராணி!" என்றீர்கள். "அந்தா மேல குந்திக்கொண்டு இரிக்கு. வடிகட்டி தூசியைப் பிடிக்கும், மணத்தைப் பிடிக்காது. புகையில வந்த பிசின் காத்துக் குழாய் முழுக்கப் படிஞ்சு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாச் சிப்புக்கு மேல இறங்குது. நாற்பது வருசம் இந்த வேலை செஞ்ச பொம்பிளை, கதவைத் திறந்து உள்ளுக்கு விட்டிரிக்கன்!"

வெளியே வந்தபின் என்னைத் தனியே அழைத்தீர்கள். "ஒருக்கா 'நான் சொன்னன்தானே' எண்டு சொல்லிப்போடுங்கோ, செக்ரட்டரியார். அடக்கி வச்சு வயித்துவலி வரப்போகுது." கூட்டக் குறிப்பில் அத்தகைய வசனத்துக்கு இடமில்லை என்றேன். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள்.

சபை கூடியது. நம்மோடு பணிப்பாளர் இருவர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பணம் முதலிட்டவர். சபையில் அவரைக் கொழும்பார் என்போம். மற்றவர் அரிசி ஆலை உரிமையாளர்; ஊர் முழுவதற்கும் அவர் முதலாளி. வாடிக்கையாளரின் தரப் பரிசோதகர் நேரில் வரப்போகிறார்; அதற்கு முன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கேள்வி அது ஒன்றுதான்: என்ன எழுதுவது?

கொழும்பார் சொன்னார்: "ஈரப்பதம்னு எழுதுவோம், மிஸ். கடற்கரை, வாவிக்கரை, எல்லாரும் நம்புவாங்க. பூசை புகைன்னு எழுதினா நம்மள என்னன்னு நினைப்பாங்க? முதல் வேலையே கடைசி வேலையாயிரும்."

முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இது ஆனி மாசம் தம்பி. வயல்வட்டை வெடிச்சுக் கிடக்கு. இந்த வெயிலுக்குள்ள ஈரம் எண்டு சொன்னா மாடும் சிரிக்கும்."

"மழை பெஞ்சுதா இல்லையான்னு அவரு வந்து பார்க்கப் போறாரா?"

"வாறவர் கண்ணை வீட்டில வச்சிட்டா வருவார்?"

நீங்கள் இருவரையும் பேச விட்டீர்கள். பிறகு, உங்கள் உத்தியோக வரலாற்றில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். பெரிய கம்பனியில் உற்பத்திக்குப் பொறுப்பாக இருந்த காலம். ஒரு தொகுதி சரக்கு பழுதென்று திரும்பி வந்தது. பழி கீழேயிருந்த இளம் பொறியியலாளர் ஒருவர்மீது போகவிருந்தது. "அனுப்பச் சொன்னது நான். சபைக்கு முன்னால எழும்பி, 'அனுப்பச் சொன்னது நான்' எண்டன். பொடியனை விட்டிட்டாங்கள். என்னை அனுப்பிட்டாங்கள்."

"மறுகா?" என்று முதலாளி கேட்டார்.

"மறுகா என்ன, வீட்டில இருந்து கேக் சுட்டன். கனகாலம். பிறகு நம்மளுக்குப் போட்டியா இருந்த கம்பனிக்காரன் ஒருத்தன் வந்து, தங்கட சபையில இருக்கச் சொன்னான். ஏன் நான் எண்டு கேட்டன். 'எங்கட மேசையில எல்லாரும் கெட்டிக்காரர். பிழையைத் தன்ர எண்டு சொல்லுற ஒரு ஆள் இல்ல' எண்டான். என்னை ஆரும் முதல்முதல் பணிப்பாளர் ஆக்கினது அதுக்காகத்தான். வேறொண்டுக்கும் இல்ல."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "எழுதுங்கோ, செக்ரட்டரியார்."

சாம்பிராணியை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்று கேட்டேன். "மரத்துப் பிசினை எரிச்ச புகை. வழிபாட்டுக்கு. அனுமதிச்சது சபைத் தவிசாளர், அதாவது நான். அவ்வளவும் போதும்." தட்டைப் பிடித்தவர் யார் என்று பரிசோதகர் கேட்டால் என்ன செய்வது என்றேன். "கதவைத் திறந்தது ஆர் எண்டு மட்டும் சொல்லுவம். கதவு திறக்காம தட்டு உள்ளுக்கு வராது."

ஆனால் தட்டைப் பிடித்தவருக்குச் செய்தி எட்டிவிட்டது. மறுநாள் தர்ஷினி என் அறை வாசலில் நின்றார். "அம்மா ரெண்டு நாளாச் சாப்பிடுறல்ல, சேர். தன்னாலதான் எல்லாருக்கும் வேலை போகப்போகுது எண்டு அழுதுகொண்டு இரிக்கா. நான் நிண்டா மிஸ்ஸுக்குச் சங்கடம். நான் கொழும்புக்கே போறன்." நான் அதை உங்களிடம் அறிவித்தேன். உடனே என் காரில் மூவருமாகக் களுதாவளைக்குப் போனோம்.

தாயார் முற்றத்தில் நின்றார். நம்மைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நான் கும்பிட்டதுதானே மிஸ் செஞ்சன். என்ர சாமிக்குக் கண்ணில்லாமப் போச்சே!"

"சாமியில ஒரு பிழையும் இல்லகா. அந்த மெசின் மசக்கைக்காரி மாதிரி. ஒரு மணமும் ஏலா. மோந்த உடனே ஓங்காளிக்கும்" என்றீர்கள்.

முந்தானை மெல்ல இறங்கியது. அந்த அம்மா உங்களை உற்றுப் பார்த்தார். "அட கறுமமே! அதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் வாசலோட நிண்டிருப்பனே! மசக்கைக்காரிக்கு முன்னால ஆராவது சாம்பிராணி போடுவாங்களா?"

"அதுதான் என்ர பிழை. சொல்லியிருக்கோணும். சொல்லல்ல."

பிறகு உங்களுக்குச் சோறு போட்டார், தானும் சாப்பிட்டார். விதி ஏழை நான் எத்தனை வசனங்களில் எழுதியிருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். உங்கள் ஒரு சொல் போதுமாக இருந்தது.

மணத்தைப் பிடிக்கும் வடிகட்டி ஒரு வகைக் கரியால் ஆனது. நாம் வரவழைத்தது சிரட்டைக் கரி. சாம்பிராணி ஏறி வந்ததும் சிரட்டைத் தணலில், அதை இறக்கியதும் சிரட்டைக் கரி என்று நீங்கள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தீர்கள். காற்றுக் குழாய்கள் கழற்றிக் கழுவப்பட்டன. தர்ஷினி புதிதாகக் கம்பி கட்டினார்.

பரிசோதகர் வந்தார், நெடிய மனிதர், அதிகம் பேசாதவர். என் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். சபை முழுவதும் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்றது. அப்பால் தர்ஷினி கொழுக்கியை இயக்க, திரையில் ஒவ்வொரு கம்பியும் பெரிதாகத் தெரிந்தது. முதல் கம்பி இழுபட்டு அறுந்தது.

"ஐயோ, அறுந்திட்டே!" என்றார் முதலாளி.

"சந்தோசப்படுங்கோ" என்றீர்கள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

இரண்டாவது அறுந்தது. "இதுவும் போச்சு! மிஸ், என்ன இது!" மூன்றாவது. முதலாளி தலையில் கைவைத்தார். நான் அவர் காதில் விதியை விளக்கினேன். அதன்பின் ஒவ்வொரு கம்பி அறும்போதும் அவர், "அறு! அறு!" என்று அடிக்குரலில் சண்டைச் சேவலுக்குச் சொல்வது போலச் சொல்லத் தொடங்கினார். உங்கள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியின் இறுக்கத்தை நான் இன்னும் உணர்கிறேன். எல்லாம் அறுந்தன. ஒன்றும் கழலவில்லை.

பரிசோதகர் அறிக்கையை மடித்தார். ஒப்பந்தம் தருவதாக அவர் சொல்லவில்லை. இன்னொரு சோதனைத் தொகுதி தருவதாகச் சொன்னார். போகும்போது, ஈரப்பதம் என்று எழுதப்பட்ட அறிக்கைகள் தம்மிடம் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகவும், வழிபாடு என்று எழுதப்பட்டது இதுவே முதல் தடவை என்றும் சொன்னார். கொழும்பார் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். நீங்கள் பரிசோதகரை வீட்டுக்குக் கூட்டிப்போய் வாவி நண்டுக் கறி கொடுத்து வியர்க்க வைத்தீர்கள். அடுத்த தொகுதியும் தேறியது. ஒப்பந்தம் வந்தது. மறுநாள் காலை சபை மேசையில் முந்திரிக் கேக் இருந்தது.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை உங்கள் ஒப்புதலுக்குக் கொண்டுவந்தபோது, முதலாம் விடயத்துக்கும் மேலே ஒரு வரியைப் பேனாவால் சேர்த்தீர்கள்: 'தவிசாளரின் பிழை.' ஒவ்வொரு கூட்டமும் அதிலிருந்தே தொடங்கவேண்டும். மற்றவர்களின் பிழையைப் பற்றிப் பேசுவது அதன் பின்னர்தான். உலகில் வேறெந்தச் சபையிலும் அப்படி ஒரு விடயம் இருப்பதாக நான் அறியேன். தேவையில்லாத குளிரூட்டி ஒன்றை வாங்கியது, இரண்டு மாணவரை நேர்முகத்தில் சிரித்தே பயமுறுத்தியது, முதலாளியின் ஆலோசனையைக் கேட்காதது, கேட்டது என்று நீங்கள் சொன்னவை எல்லாம் என் கையால் பதிவாகியிருக்கின்றன. ஒரு தடவை யோசித்துப் பார்த்துவிட்டு, இம்முறை ஒன்றுமில்லை என்றீர்கள். 'இல்லை' என்றே பதிவு செய்வதா என்று கேட்டேன். "இல்லை எண்டு நினைச்சதைப் பிழையாப் போடுங்கோ" என்றீர்கள். போட்டேன்.

இப்போது கட்டடம் இரண்டு மடங்கு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளைகள் நேரே நம்மிடம் வருகிறார்கள். தர்ஷினி உற்பத்திக்குப் பொறுப்பாளர். அவருடைய தாயார்தான் ஆண்டுதோறும் பூசைத் தட்டைப் பிடிக்கிறார். புதிதாக வருவோருக்கு மசக்கைக் கதையையும் அவரே சொல்கிறார். விதி ஏழில் என் வசனங்களுக்குக் கீழே உங்கள் அந்த மசக்கை வரியையும் சேர்த்திருக்கிறேன்.

சென்ற மாரி முடிந்த கையோடு நீங்கள் நோயில் படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் நிகழ்ச்சி நிரலோடு வந்தேன். வேறு என்ன கொண்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பிறகு தவிசாளர் யார் என்று நான் கேட்கவில்லை, நீங்களே சொன்னீர்கள். "கொழும்பாரைப் போடுங்கோ. முதலாம் விடயத்துக்கு அவரிட்டத்தான் நிறையச் சரக்கு இரிக்கும்." தாதி வந்து சத்தம் வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு இருவரும் சிரித்தோம்.

உங்கள் அடக்கப் பூசையன்று மாதா கோயிலில் நமது ஆட்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். உங்கள் தெருக்காரர்கள் நீங்கள் கேட்டபடி வயலின் வாசித்தார்கள். சுவாமியார் தூபக்கலசத்தை எடுத்து உங்கள் பெட்டியைச் சுற்றி வீசினார். சாம்பிராணி மணம் எழுந்தது. அழுதுகொண்டிருந்த வரிசை முழுவதும் ஒரே கணத்தில் நிமிர்ந்தது. பலரின் கை தன்னிச்சையாக மூக்கருகே போனது. என் பக்கத்திலிருந்த தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டே குனிந்து, "சேர், காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கோயிலுக்குள் சிரித்த குற்றத்தை நானும் செய்தேன், மிஸ். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவரையும் விடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள்.

இன்று பூசை முடிந்தபின் சபை கூடியது. கொழும்பார் தவிசாளராக அமரும் முதல் கூட்டம். முதலாம் விடயத்தை நான் வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னோடது பழசு" என்றார். "ஈரப்பதம்." முதலாளி மேசையைத் தட்டி ஆரவாரித்தார். நான் பதிவு செய்தேன். எழுதி முடிக்கச் சற்றுக் கூடுதலான நேரம் எடுத்தது.

அதன்பின் தர்ஷினி இன்றைய தொகுதியின் சோதனைத் தட்டைக் கொண்டுவந்து, நீங்கள் பழக்கியபடி, என்னை நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எல்லாக் கம்பிகளும் நடுவில் அறுந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டு அசையாமல் இருந்தது. 'எது போகக் கூடாது எண்டதுதான் கேள்வி' என்ற உங்கள் குரல் காதில் கேட்டது. கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பி அறுந்தது, மிஸ். ஒட்டு கழலவில்லை.

தீ மூட்டுமுன் இன்றும் காற்றைப் பார்க்கும்,
உங்கள் செக்ரட்டரியார்